பினிகல வனவாயிலில் நாய்க்கும் மனிதருக்கும் காவலாக நின்ற மஹ்ரூப் நானாவுக்கு

பனி படரும் பினிகல மலையின் வாயிலில், மழையென்றும் வெயிலென்றும் பாராது முப்பத்தொரு ஆண்டுகள் நின்ற பெருந்தகையீர்! வருவோரை வாஞ்சையோடு வரவேற்ற வாய்மொழியாலும், வரம்பு மீறுவோரை வழிமறித்த மன உறுதியாலும், காட்டுக்கும் ஊருக்கும் நடுவே கண்ணியம் குன்றாமல் கடமை செய்தவரே! எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய வாயிற் பொறுப்பாளர் ஜனாப் மஹ்ரூப் அவர்களே, எங்கள் எல்லோருக்கும் அண்ணனான மஹ்ரூப் நானாவே!

இம்மடலை எழுதும் பொறுப்பை மற்ற ஆறு ஊழியர்களும் சேர்ந்து, பாதைப் பராமரிப்பு வேலை செய்யும் யோகராஜ் ஆகிய என் தலையில் வைத்தார்கள். அடுக்குமொழி வேண்டும், அணிமொழி வேண்டும், சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டும்படி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. முதல் பந்தியை அப்படியே எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அடுத்த வாரம் ஜூன் பௌர்ணமிப் பொசன் விடுமுறை. கொழும்பிலிருந்தும் காலியிலிருந்தும் வாகனங்கள் ஏறி வரும். பாதி வாகனங்களின் பின் இருக்கையில் ஒரு நாய் இருக்கும். ஓய்வு பெற்றுவிட்ட நீங்கள் வாயிலில் இருக்க மாட்டீர்கள். இதை நினைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்தால் புகழ்மொழி வரவில்லை, பயம்தான் வருகிறது. ஆகவே உங்கள் நற்குணங்களை வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டு, இரண்டு வருடங்களுக்கு முந்திய பொசன் விடுமுறையில் நடந்ததை, இந்த விழாவுக்கு வந்திருக்கும் எல்லோரும் அறியும்படி சொல்லிவிடுகிறேன். அதில் உங்கள் குணங்கள் எல்லாம் இருக்கின்றன.

பினிகலவைப் பார்த்திராதவர்களும் இங்கே இருக்கிறார்கள். றக்வானைக்கு மேலே உள்ள இந்த வனப் பூங்காவில் பொதுமக்கள் நடப்பதற்கு இரண்டு பாதைகள். கீழ்ப்பாதை ஆற்றோரமாக அருவி வரை போகும். கயிற்றில் கட்டிய நாயோடு அதில் போகலாம். மேற்பாதை அடர்காட்டுக்குள் போகும். நாய்க்கு அங்கே அனுமதியில்லை. ஏன் என்று முகம் சுளித்தவர்களுக்கெல்லாம் நீங்கள் தமிழிலும் சிங்களத்திலும் சலிக்காமல் விளக்கம் சொன்னீர்கள். நாயின் மணம் பட்டாலே சருகுமான் குட்டியை விட்டு ஓடிவிடும். நாய்க்கு இருக்கும் நோய் காட்டிலுள்ள சிறுத்தைக்கும் தொற்றும். இந்த ஆற்றுத் தண்ணீர்தான் கீழ்த் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் குடிநீர்த் தாங்கிக்குப் போகிறது; ஆகவே நாயின் கழிவைக் கரையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இவ்வளவையும் சொல்லி, கையில் ஒரு கடதாசிப் பையையும் கொடுத்துத்தான் தடையை உயர்த்துவீர்கள்.

அன்று காலை மழை விட்டிருந்தது. வெள்ளவத்தையிலிருந்து சுதாகரன் என்பவர் மனைவியோடு வந்தார். மிலோ என்ற பழுப்பு நிற நாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டீர்கள். வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகவும் ஜனவரியில்தான் ஊசி போட்டதாகவும் அவர் சொன்னார். பின்னால் பன்னிரண்டு வாகனங்கள் நின்றன. கடைசியில் நின்ற பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தது. நீங்கள் ஒரு கணம் தயங்கியதை நான் பார்த்தேன். பிறகு பதிவேட்டில் ‘புத்தகம் காட்டவில்லை’ என்று எழுதி, கயிற்றை எந்த இடத்திலும் கழற்றக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி, உள்ளே விட்டீர்கள்.

ஒரு மணித்தியாலம் கழித்து சுதாகரன் தனியே ஓடி வந்தார். கையில் வெறும் கயிறு இருந்தது. அருவிக்கரையில் படம் எடுப்பதற்காக ஒரே ஒரு நிமிடம் கழற்றினாராம். எதிர்க்கரைப் புதரிலிருந்து சருகுமான் ஒன்று பாய, அதன் பின்னால் மிலோவும் பாய்ந்து, மேற்காட்டுக்குள் போய்விட்டதாம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குக் குரல் போயிருந்தது.

நீங்களும் நானும் அவரும் மாலை வரை தேடினோம். மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. சுதாகரனின் கால்கள் இரண்டிலும் அட்டை கடித்து இரத்தம் வழிந்தது; அவர் அதைக் கவனிக்கவேயில்லை. நீங்கள் கவலைப்பட்டது வேறொன்றுக்காக. பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பிகள் தோட்டத்து எல்லையில் இருப்பது நமக்குத் தெரியும். நாய் அதில் மாட்டியிருந்தால் விடியும் வரை உயிரோடு இருக்குமா என்ற கேள்வியை நீங்கள் சுதாகரனிடம் சொல்லாமல், என்னிடம் மட்டும் சொன்னீர்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, தோட்டத்து எல்லையில் ஒரு முனகல் கேட்டது. மிலோ சுருக்கில் கிடந்தது. கம்பி கழுத்தையும் ஒரு முன்னங்காலையும் சேர்த்து இறுக்கியிருந்தது. நான் கோணிச் சாக்கால் அதன் தலையைப் பிடித்தேன். நீங்கள் குறடால் கம்பியை வெட்டினீர்கள். கம்பி தெறித்த வேகத்தில் வலி தாங்காமல் அது திரும்பியது. முதலில் என் இடது கை, அடுத்து உங்கள் வலது முழங்கைக்குக் கீழே. இரண்டு இடத்திலும் பல் ஆழமாக இறங்கியது.

வாயிலுக்கு அருகிலுள்ள குழாயடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், சவர்க்காரம் போட்டு என் கையைக் கழுவத் தொடங்கினீர்கள். கால் மணித்தியாலம் கழுவ வேண்டும் என்று சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவினீர்கள். உங்கள் கையிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. என் கை முடிந்த பிறகுதான் உங்கள் கையைத் தண்ணீரில் வைத்தீர்கள். அப்போதுதான் சுதாகரன், சேற்றிலே அப்படியே உட்கார்ந்து, வாயைத் திறந்தார்.

“பொய் சொல்லிட்டன் ஐயா. மூண்டு வருசமா ஊசி போடேல்ல.”

 அடிக்கக்கூடக் கை ஓங்கியிருப்பேன். நீங்கள் குழாயை மூடாமலே அவரைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

“இப்ப சரி சொன்னீங்களே, நல்லம். டொக்டர்கிட்டயும் இதையே சொல்லுங்க” என்றீர்கள்.

பெல்மதுளையைத் தாண்டி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடிவாயைச் சுற்றி ஊசி போட்டார்கள். அடுத்தடுத்து வர வேண்டிய நாட்களையும் குறித்துக் கொடுத்தார்கள். நாயைப் பதினான்கு நாள் கட்டி வைத்துக் கவனிக்கச் சொன்னார் டொக்டர். அது நலமாக இருந்தால் எங்களுக்கும் பயமில்லை. நோய்க்குறி தெரிந்தாலோ செத்தாலோ அந்த நிமிடமே அறிவிக்க வேண்டும். ஆக, எங்கள் இரண்டு பேரின் நிம்மதியும், கழுத்து அறுபட்டுக் கிடந்த அந்த நாயின் மூச்சில் தொங்கியது.

வாயிலுக்குப் பின்னால் உள்ள சாமான் கொட்டகையில், கம்பி வலையடித்து, மிலோவை இரட்டைச் சங்கிலியில் கட்டினீர்கள். இரண்டாம் நாள் காலை, தோட்டத்துத் தலைவர் இராமசாமி பத்துப் பதினைந்து பேரோடு தடியும் மண்வெட்டியுமாக வந்தார். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த லயத்துக்காரன்தான். அதற்கு முந்திய வருடம் வெறிநோயில் ஒரு பசு செத்து, அதன் பால் குடித்த நாற்பது பேர் ஊசி போட இரத்தினபுரிக்கும் லயத்துக்குமாக அலைந்த தோட்டம் அது.

நீங்கள் கொட்டகை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். கட்டுப் போட்ட கை மடியில் இருந்தது.

“நானா, எங்க லயத்துல புள்ளக்குட்டி இருக்குங்க. சங்கிலி கழண்டா யாரு பொறுப்பு?” என்று இராமசாமி கேட்டார்.

“நான்தான் பொறுப்பு. கேட்டுல புத்தகம் பாக்காம விட்டது நான். ஆனா இத இப்ப கொன்னுபோட்டா, யோகராஜுக்கு என்ன ஆகுமெண்டு பாக்க ஏலாம போயிடும் தலைவர்.”

உங்கள் கையைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இராமசாமி என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். தினமும் காலையில் தானே வந்து பார்ப்பேன், சந்தேகம் வந்தால் அன்றைக்கே முடிவு என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே தினமும் வந்தார். வலைக்கு அப்பால் நின்று நாயின் வாயைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், போய்விடுவார்.

நாய்க்குச் சோறு வைப்பதும் கழுவுவதும் புண்ணுக்கு மருந்து போடுவதும் எல்லாம் நீங்களே. எங்களில் யாரையும் வலைக்குள் விடவில்லை. நாயின் எச்சில் பட்டால் மண்ணும் தண்ணீருமாக ஏழு தடவை கழுவித் தூய்மை செய்வது உங்கள் மார்க்கத்தின் ஒழுங்கு. ஒவ்வொரு மாலையும் மஃரிப் தொழுகைக்கு முன், அதற்கென்று வைத்திருந்த சட்டையைக் கொட்டகையிலேயே கழற்றிவிட்டு, குழாயடியில் நின்று பொறுமையாக அதைச் செய்தீர்கள். உங்கள் துணைவியார் றிஸ்மியா அவர்கள், அதற்கென்று தனியாக ஒரு வாளியைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஊரில் சிலர், நாய் வளர்க்கப் போகிறீர்களா என்று கிண்டலாகக் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் மறுநாளும் அதே வாளியோடு வந்தீர்கள்.

ஆறாம் நாள் மிலோ சாப்பிடவில்லை. ஏழாம் நாள் தண்ணீரையும் தொடவில்லை. கிண்ணத்தை அருகே தள்ளினால் தலையைத் திருப்பிக்கொண்டது; வாயோரம் எச்சில் வழிந்தது. வெறிநோய்க்கு நீர்வெறுப்பு நோய் என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த நாட்களில் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. காலையில் எழுந்ததும் ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் எடுத்து, தொண்டையில் இறங்குகிறதா என்று சோதித்துப் பார்ப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. ஏழாம் நாள் நீங்கள் கோப்பைத் தேநீரை வாயருகே கொண்டுபோய், குடிக்காமல், அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். பிறகு ஒரு மிடறு குடித்துவிட்டு, கண்ணை மூடினீர்கள். நான் கண்டதை நீங்கள் கண்டீர்கள். இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

வீட்டில் என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஊசி போட்ட நாளிலிருந்து நான் அவளைத் தூக்கவில்லை. எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய். அவள் கையை நீட்டிக்கொண்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். ஏழாம் நாள் மாலை என் மனைவி ஜீவராணி பொறுக்கமாட்டாமல், பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“டொக்டர் பயப்பட வேணாம்னு சொன்னாருல்ல? நாயி சாகுறதுக்கு முந்தி நீங்க செத்துப் போறீங்க. புள்ளயத் தூக்குங்க” என்றாள்.

தூக்கினேன். ஆனால் முத்தம் கொடுக்கவில்லை.

எட்டாம் நாள் நீங்கள் சொல்லியனுப்பி மிருக வைத்தியர் அம்மா வந்தார். தடித்த கையுறையோடு வலைக்குள் போய் வெகுநேரம் பார்த்தார். நாங்கள் வெளியே நின்றோம், இராமசாமியும் நின்றார். கம்பி அறுத்த புண் சீழ் வைத்து உள்தொண்டை வரை வீங்கியிருக்கிறது, விழுங்க முடியாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். ‘இருக்கலாம்’ என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கிடந்தோம். அவர் ஊசி மருந்து கொடுத்து, இன்னும் பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லிப் போனார்.

பத்தாம் நாள் காலை. நல்ல மழை. லயத்து வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். வாயிலிலிருந்து இரண்டு மைல் நடந்து, குடை இருந்தும் முழுக்க நனைந்து, நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். நாய் செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

“தண்ணி குடிச்சிட்டுது யோகராஜ். ரெண்டு கிண்ணம்” என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது. நான் உங்களோடு வேலை செய்த வருடங்களில் அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகும் நான்கு நாட்கள் இருந்தன. அவை முந்திய பத்தையும் விட நீளமாக இருந்தன. இராமசாமி ஒழுகும் கொட்டகைக் கூரைக்குப் போடச் சொல்லி இரண்டு தறப்பாளைக் கொண்டுவந்து தந்தார். பதினான்காம் நாள் மிருக வைத்தியர் அம்மா வந்து, நாய்க்கு நோயில்லை என்று சொல்லி, தடுப்பூசியையும் போட்டார். அன்றிரவு என் மகளை முத்தமிட்டேன்.

சுதாகரன் இரண்டு சனிக்கிழமையும் வந்து, வலைக்கு வெளியே நின்று நாயோடு பேசிவிட்டு, கொட்டகைக்கு வெளிப்புறத்தைக் கழுவிப் போயிருந்தார். நாயை அழைத்துப் போகும் நாளில் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டு நின்றார். நீங்கள் அதற்கு இடம் கொடுக்காமல், அடுத்த மாதம் நாயை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு நாள் வர முடியுமா என்று கேட்டீர்கள். வந்தார். இராமசாமியும் ஆட்களோடு வந்தார். எல்லை நெடுகிலும் நடந்து இருபத்து மூன்று சுருக்குக் கம்பிகளைக் கழற்றினோம். யார் வைத்தது என்று நீங்கள் யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வைப்பது குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல என்னால் முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேலிடத்துக்கு நீங்கள் எழுதிய அறிக்கையின் முதல் வரி, ‘புத்தகம் பாராமல் அனுமதித்தது என் பிழை’ என்பது. ஓய்வுக்கு இரண்டே வருடம் இருக்கும்போது அப்படி எழுத வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் மன்றாடினோம். கேட்கவில்லை. அறிக்கையைப் பார்த்தவர்கள், இனி பினிகலவுக்கு எந்த நாயும் வேண்டாம் என்று முடிவெடுக்கப் போனார்கள். கடிபட்ட நீங்களே அந்தக் கூட்டத்தில் எழுந்து மறுத்தீர்கள். வாயிலை மூடினால் நாய்கள் தோட்டத்துக் குறுக்குப் பாதையால் வரும், பெயரும் தெரியாது, ஊசியும் தெரியாது, கயிறும் இருக்காது, அதைவிட நம் கண் முன்னால் வரட்டும் என்றீர்கள். கூட்டம் உங்கள் பேச்சை ஏற்றது. புத்தகம் காட்டாத நாய்க்கு அனுமதியில்லை, யாருடைய நாயானாலும் சரி என்ற விதி அன்று வந்தது. இன்றுவரை மிலோவைப் போல் இன்னொரு நாய் தொலையவில்லை. எங்களில் இன்னொருவர் கடிபடவில்லை.

இதையெல்லாம் புகழுக்காகச் சொல்லவில்லை நானா. போன சனிக்கிழமை, மகள் வீட்டு விசேஷத்துக்காக நீங்கள் விடுப்பில் இருந்தபோது, வாயிலில் நான் தனியே நின்றேன். எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஒரு குடும்பம், இரண்டு நாய்கள், புத்தகமில்லை. பின்னால் எட்டு வாகனங்கள். அந்த வீட்டுப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார், பிள்ளைகள் அழுதார்கள். திருப்பி அனுப்பினேன். அவர்கள் போன பிறகு பதிவேட்டில் அதைக் குறித்தேன். ஒருவேளை அந்த நாய்களுக்கு உண்மையிலேயே ஊசி போட்டிருந்தார்களோ, பிள்ளைகளின் ஒரு நல்ல நாளைக் கெடுத்துவிட்டேனோ என்று மாலை வரை மனம் அடித்துக்கொண்டது. உங்களிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நீங்கள் ஒவ்வொரு விடுமுறை நாளும் இந்தப் பாரத்தோடுதான் வீட்டுக்குப் போனீர்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நேற்றுப் பதிவேட்டை என் கையில் கொடுக்கும்போது, உங்களுக்கும் மனம் ஆறவில்லை என்பதைக் கண்டோம். வாயிற்பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தீர்கள். மிருக வைத்தியரின் எண்ணையும் ஆஸ்பத்திரியின் எண்ணையும் சுவரில் எழுதியிருப்பதைக் காட்டினீர்கள். போன வாரமும் காட்டியிருந்தீர்கள்.

எங்கள் அன்பு மஹ்ரூப் நானா, இறைவன் உங்களுக்கும் உங்கள் துணைவியாருக்கும் நீண்ட ஆயுளும் நோயற்ற உடலும் தர வேண்டும். நீங்கள் இருவரும் நெடுநாளாக எண்ணியிருக்கும் மக்காவுக்கான உம்றாப் பயணம் இனிதே நிறைவேற வேண்டும். பேரப்பிள்ளைகளின் சிரிப்பில் உங்கள் பொழுது கழிய வேண்டும். இவையெல்லாம் ஏழு பேரும் சேர்ந்து கேட்கும் வரங்கள். எனக்கென்று தனியாக ஒன்று உண்டு. இனி வரும் ஒவ்வொரு பொசனிலும், ஒவ்வொரு நீண்ட விடுமுறையிலும், எங்களிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வராமல் நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும். அப்படி ஓர் அழைப்பு வந்துவிட்டால், எங்களைக் கோபிக்காமல் எடுங்கள்.

பயமும் பாசமும் மாறாத உள்ளத்தோடு,
பினிகல வனப் பூங்கா ஊழியர் எழுவருக்காகவும்,
யோகராஜ்